இருவருக்கு ஒரே கடவுச்சொல்

நிமியா கடவுச்சொல்லை அடிக்கும்போது திரையைப் பார்க்க மாட்டார். முகத்தைச் சற்றே திருப்பி, ஜன்னலுக்கு வெளியே நிற்கும் லப்பாச்சோ மரத்தைப் பார்ப்பார். விரல்கள் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். சில எழுத்துகளுக்குப் பிறகு வலக்கை ஒரு நொடி நிற்கும். இடது கட்டைவிரல் ஆல்ட் விசையை அழுத்திப் பிடிக்கும். வலக்கை பலகையின் வலது கோடிக்கு நகர்ந்து எண்களில் ஒன்று, ஆறு, நான்கு என்று தட்டும். அவசரமே இருக்காது. பிறகு கட்டைவிரல் எழும். அது எழுந்த பின்தான் பெட்டியில் ஒரு கறுப்புப் புள்ளி கூடும். அந்தப் புள்ளிக்குள் இருப்பது எஞ்ஞே. தலையில் ஒரு சின்ன அலையைச் சுமக்கும் எழுத்து. எங்கள் ஸ்பானிய மொழியும் குவாரனி மொழியும் அது இல்லாமல் நடக்காது.

அவருடைய பலகையிலேயே எஞ்ஞேவுக்கென்று தனி விசை இருந்தது, சுண்டுவிரலை நீட்டினால் எட்டும் தூரத்தில். நான் அவருக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த இரண்டு வருடங்களில் அவர் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. காசபா ஊரின் இணையக் கடையில் அவர் தட்டச்சு பழகியபோது அங்கிருந்த பலகைகள் எல்லாம் எல்லைக்கு அப்பாலிருந்து கடத்தி வந்த ஆங்கிலப் பலகைகள். எஞ்ஞே வேண்டுமென்றால் எண்ணால்தான் கூப்பிட வேண்டும். அந்தப் பழக்கம் அப்படியே நின்றுவிட்டது.

தினமும் காலை ஏழு ஐம்பதுக்கு அந்தச் சத்தம் கேட்கும். அந்தச் சொல்லில் எத்தனை எழுத்து என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன்.

எங்கள் நிறுவனம் தலைநகர் அசுன்சியோனில் ஒரு பழைய மின்னஞ்சல் சேவையை நடத்தியது. ஒரு காலத்தில் நாட்டில் பாதிப் பேருக்கு அதில்தான் முகவரி. நான் சேர்ந்தபோது நாற்பதாயிரம் பேர் மிஞ்சியிருந்தார்கள். ஸ்பெயினிலோ அர்ஜென்டினாவிலோ இருக்கும் மகனுக்கு இந்த ஒரு முகவரிதான் தெரியும் என்பதால் விடாமல் வைத்திருந்தவர்கள் அவர்களில் பலர். நிமியாவின் வேலை சோதனை. என்னைப்போல நிரல் எழுதுகிறவர்கள் புதிதாக எதையாவது செய்து கொடுத்தால், அதில் நூறு விதமாக நுழைந்து பார்த்து, எங்கே நுழைய முடியவில்லை என்று எழுதிக் கொடுப்பார். அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. எல்லோரும் ஞா நிமியா என்று மரியாதையாகக் கூப்பிடுவோம். கூட்டங்களில் பேசவே மாட்டார். நானும் பேசமாட்டேன் என்பதால் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனது.

2019 ஜூன் மாதம், நல்ல குளிரில், எங்கள் தலைவர் இஞ்சினியர் வில்தோ எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஆகஸ்ட்ல தணிக்கை. வெளிநாட்டு ஆளுங்க வர்றாங்க. பாஸ்வேர்ட் பாதுகாப்புல நாம உலகத் தரத்துக்கு இருக்கோம்னு சான்றிதழ் வாங்கினாத்தான் அடுத்த வருஷம் கடை திறந்திருக்கும். அதனால சுலபமா ஒரு வழி. பாஸ்வேர்ட்ல இனிமே ஆங்கில எழுத்து, எண், அவ்வளவுதான். எஞ்ஞே, மேல அலை போட்ட எழுத்து, கோடு போட்ட எழுத்து எதுவும் கிடையாது. ஜூலை முப்பத்தொண்ணோட பழைய பாஸ்வேர்ட் எல்லாம் செத்துப்போகும். எல்லாரும் புதுசு போட்டுக்கட்டும்."

அப்போதுதான் பக்கத்திலிருந்து அந்தக் குரல் வந்தது.

"எஞ்ஞே என்ன பாவம் பண்ணுச்சு, இஞ்சினியர்?"

தகவல் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஓஸ்மார் நாற்காலியோடு திரும்பினான். "ஞா நிமியா வாயத் திறந்துட்டாங்க. இன்னைக்கு ஆலங்கட்டி மழைதான்."

"பாவமெல்லாம் பண்ணல, தொல்லை பண்ணுது," என்றார் வில்தோ. "மாசம் நாப்பது பேர் போன் போட்டு, சரியாத்தான் அடிக்கிறேன், ஏத்துக்க மாட்டேங்குதுங்கிறான். பாத்தா எல்லாம் இந்த மாதிரி எழுத்து வெச்சவன்தான்."

"அப்ப அவங்க பொய் சொல்றாங்களா?"

"மறந்துட்டு சொல்றாங்க."

"மறந்தவன் எனக்கு மறந்துபோச்சுன்னுதான் சொல்வான். சரியா அடிக்கிறேன்னு சொல்ல மாட்டான்," என்றார் நிமியா. கைகளை மேசைக்கடியில் இறுகக் கோத்துக்கொண்டார். எனக்கு மட்டும் தெரிந்தது.

"ஞா நிமியா, ஒரு எழுத்துக்காக நான் கம்பெனிய மூட முடியாது," என்று சொல்லி வில்தோ எழுந்துவிட்டார்.

பத்து மணிக்குப் பின்கட்டு முற்றத்தில் தெரெரே என்ற இலைத்தூள் பானம் குடிப்போம். எவ்வளவு குளிரானாலும் ஐஸ் தண்ணீர்தான். ஒரே கொம்புக் குவளை, ஒரே உறிஞ்சு குழல், கை மாறிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு மற்றவர்கள் குடித்துவிட்டு உள்ளே போன பிறகும் நிமியா குவளையில் தண்ணீரை ஊற்றி என்னிடம் நீட்டிக்கொண்டே இருந்தார். போதும் என்பதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும். சொல்லவில்லை. அவர் ஏதோ சொல்லப்போகிறார் என்று தெரிந்தது.

"தெர்லிஸ், உன்கிட்ட சொல்றேன். உனக்குத்தான் பேச்சே வராதே, வெளிய போகாது."

"சொல்லுங்க."

"எங்கிட்ட இருக்கிற கணக்கு என்னோடது மட்டும் இல்ல. ரெண்டு பேருக்கு அது. ஒரு பெட்டி, ஒரு பாஸ்வேர்ட்."

நான் குழலை வாயிலிருந்து எடுத்தேன். இந்தக் கட்டடத்தில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது.

"முறைக்காத. 2003ல அதெல்லாம் யாரு பாத்தா? காசபால இருந்த ஒரு கடையில, லிதியோவும் நானும் ஒரே நாற்காலியில உக்காந்து திறந்தோம். பாஸ்வேர்ட் அவன்தான் வெச்சான், குவாரனியில. சத்தமா சொல்லாதடி, கடைக்காரன் கேட்டுருவான்னு காதுல சொன்னான்."

லிதியோ ஃப்ரெத்தெஸ் கட்டட வேலைக்காக 2008இல் புவெனஸ் அயர்ஸ் போனார். கல்யாணம் ஆகவில்லை. திரும்பி வந்து செய்துகொள்வது என்று பேச்சு. ஒருவருக்கொருவர் அஞ்சல் அனுப்பியதே இல்லை. அனுப்பினால் எங்கெங்கோ சுற்றிப் போகும், நடுவில் யாராவது படிப்பார்கள் என்று லிதியோவுக்கு ஒரு பயம். அதனால் எழுதுவார்கள், அனுப்பமாட்டார்கள். வரைவுப் பெட்டியில் விட்டுவிட்டு வெளியேறுவார்கள். மற்றவர் வந்து அதே கடவுச்சொல்லால் திறந்து, படித்து, கீழே தன்னுடையதை எழுதி வைத்துவிட்டுப் போவார். வேலைக்குப் போகிற நேரம் ஒத்துவராத புருஷனும் பெண்டாட்டியும் சாப்பாட்டு மேசையில் தட்டுக்கடியில் சீட்டு வைத்துவிட்டுப் போவதுபோல ஆறு வருடம்.

"கடைசியா 2014 ஜூலைல எழுதினான். 'புதன்கிழமை அறை மாறுறேன். ஜன்னல் இருக்கிற அறை. மீதி அப்புறம்'னு. அந்த மீதிதான் இன்னும் வரல."

அடுத்த மாதம் நிமியா காசபாவை விட்டு அசுன்சியோன் வந்தார். வந்த வாரமே பேருந்தில் பை பறிபோனது, போனும் போனது. புது எண்ணையும் புது வீட்டு முகவரியையும் வரைவில் எழுதிவைத்தார். பதில் இல்லை. லிதியோவின் எண்ணோ வேறு யாரிடமோ இருந்தது. அவருடைய அக்காவைத் தேடிப்போய்க் கேட்டார். அவளுக்கும் தெரியவில்லை. புவெனஸ் அயர்ஸுக்கே ஒரு முறை போனார். நான்கு நாள் கட்டட வேலை நடக்கும் இடமெல்லாம் பெயரைச் சொல்லிக் கேட்டு, கால் வீங்கித் திரும்பி வந்தார்.

"இங்க வேலைக்குச் சேர்ந்ததுகூட..." என்று நான் ஆரம்பித்து நிறுத்தினேன்.

"ஆமா. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துல வீடு எடுக்கிறவங்க இல்லையா, அந்த மாதிரி. பெட்டி இருக்கிற இடத்துல நானும் இருந்துட்டுப் போறேன்னு." குவளையில் மறுபடி தண்ணீர் ஊற்றினார். "இப்ப பாஸ்வேர்ட மாத்திட்டா, அவன்கிட்ட புதுசச் சொல்ல எனக்கு வழி இல்ல. அவனுக்கு என் வீடு தெரியாது, நம்பர் தெரியாது. தெரிஞ்சது அந்த ஒரு வார்த்தை. அதையும் இவரு செல்லாதுங்கிறாரு."

"இஞ்சினியர்கிட்ட சொல்லிப் பாக்கலாமே?"

"ரெண்டு பேருக்கு ஒரு பாஸ்வேர்ட்னு சொன்னா தணிக்கைக்கு முன்னாடி என் கணக்கைத்தான் முதல்ல மூடுவாரு."

அன்று நான் நன்றி என்று சொன்னபோது குவளை வெறும் தண்ணீராக இருந்தது.

தணிக்கைக்கான உலகத் தர ஆவணத்தை நாங்கள் யாரும் முழுதாகப் படித்ததில்லை. வில்தோவின் மேசையில் ஒரு பிரதி, காப்பிக் கறையோடு கிடந்தது. அதை வாங்கிக்கொண்டேன். பையில் எப்போதும் ஒரு கவிதைத் தொகுப்பு இருக்கும். அந்த வாரம் பேருந்தில் அது வெளியே வரவில்லை. சான் லொரென்சோவிலிருந்து நகரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம், சீபா ரொட்டி விற்கிற பெண்கள் கூடையால் இடித்துக்கொண்டு போக, கம்பியில் சாய்ந்து நின்று படித்தேன்.

மூன்றாவது நாள் அந்தப் பத்தி கிடைத்தது. கடவுச்சொல்லில் எந்த மொழியின் எழுத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்றது. ஒரே எழுத்து வெவ்வேறு கருவியில் வெவ்வேறு விதமாகப் பிறக்கும். அதனால் சேமிப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள் என்றது. திருட்டுப்போன அறிகுறி இல்லாமல் மக்களைக் கடவுச்சொல் மாற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள் என்றும் இன்னொரு பக்கத்தில் இருந்தது. இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிவிட்டிருந்தது.

அடுத்த கூட்டத்தில் கையைத் தூக்கினேன்.

"அட, கவிஞர்!" என்றான் ஓஸ்மார். "போன வாரம் ஞா நிமியா, இந்த வாரம் நீ. அடுத்த வாரம் இந்த மேசை பேசும்."

காது சூடேறியது. ஆனாலும் சொன்னேன். எஞ்ஞேவைக் கணினி இரண்டு விதமாக எழுதும் என்றேன். ஒன்று, எழுத்தும் தலைமேல் அலையும் ஒட்டிய ஒரே துண்டு. இன்னொன்று, வெறும் எழுத்து ஒரு துண்டு, அலை ஒரு துண்டு. திரையில் இரண்டும் ஒன்றுதான். கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. கணினிக்கு அவை வேறு வேறு. நாம் எதையும் ஒன்றாக்காமல் வந்தபடியே எடுத்துக்கொள்கிறோம். அதனால்தான் சரியாக அடித்தவனையும் வெளியே நிறுத்துகிறோம்.

"ரெண்டு விதமாவும் முயற்சி பண்ணிப் பாத்தா, திருடனுக்கு ரெண்டு வாய்ப்பு குடுத்த மாதிரி ஆகாதா?" என்று வில்தோ கேட்டார். நியாயமான கேள்வி.

"அது ரெண்டு வார்த்தை இல்ல, இஞ்சினியர். தொப்பியத் தலையில வெச்சிருந்தாலும் கையில வெச்சிருந்தாலும் ஆள் ஒருத்தன்தானே."

யாரோ சிரித்தார்கள். ஓஸ்மார் சிரிக்கவில்லை, அவனுக்கு வேலையில் சந்தேகம் வந்துவிட்டது. "அதெல்லாம் சரிடா. பழசு நாப்பதாயிரத்த என்ன பண்றது? நான் பாஸ்வேர்ட பாஸ்வேர்டாவா வெச்சிருக்கேன்? அரைச்சு மாவாக்கி வெச்சிருக்கேன். மாவுல இருந்து மரவள்ளிக் கிழங்கத் திருப்பி எடுத்துத் தர்றியா?"

"எடுக்க வேணாம். அவங்களே ஒரு நாள் வந்து கிழங்கக் குடுப்பாங்க இல்ல, நுழையறப்ப? அப்ப ஒட்டினத ஒரு தடவ அரைச்சுப் பாரு, பிரிச்சத ஒரு தடவ அரைச்சுப் பாரு. எது பழைய மாவோட ஒத்துப்போகுதோ, உள்ள விட்டுரு. விட்டுட்டு, அன்னைலேர்ந்து ஒட்டின வடிவத்துல மட்டும் சேமி."

"வராதவன்?"

"வர்ற வரைக்கும் பழைய மாவு அப்படியே இருக்கட்டும்," என்றார் நிமியா. அவர் சொன்ன வேகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "எத்தனை வருஷமானாலும்."

வில்தோ மோவாயைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். "மூணு வாரம். ஞா நிமியா, நீங்கதான் சோதனை. ஒரே ஒரு ஆள் சரியா அடிச்சும் உள்ள போக முடியலன்னு தெரிஞ்சாலும், நான் சொன்ன வழிதான். சரியா?"

"சரி, இஞ்சினியர்."

அந்த மூன்று வாரமும் நிமியா வேலை செய்ததைப்போல ஒருவர் வேலை செய்து நான் பார்த்ததில்லை. அலுவலகத்தில் இருந்தவை ஏழு கணினி, எங்கள் போன்கள் ஒன்பது. அது போதாது என்றார். மக்கள் எதில் அடிக்கிறார்களோ அதில் அடித்துப் பார்க்க வேண்டும் என்றார். ஒரு வியாழக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு நாலாம் நம்பர் சந்தைக்குப் போனார். உள்ளாடைக் கடைக்கும் கோழிக் கூண்டுக்கும் நடுவில் பழைய போன் விற்கிற சந்து இருக்கிறது. அங்கே கடைக்குக் கடை நின்று, காட்சிக்கு வைத்திருந்த போனை எல்லாம் வாங்கி, எங்கள் சோதனைப் பக்கத்தைத் திறந்து ஒரே சொல்லை அடித்தார். வந்த விதத்தை நான் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

"வாங்கப்போறியா, இல்ல என் போனுக்கெல்லாம் பரீட்சை வைக்கிறியா?" என்றாள் ஒரு கடைக்காரி.

"பரீட்சைதான், கண்ணு. பாஸானா வாங்குவேன்."

"ஃபெயிலானா?"

"அப்ப கட்டாயம் வாங்குவேன்."

"அட கடவுளே, இந்தப் பொம்பளைக்கு வெயிலே இல்லாத நாள்ல சூடு ஏறிடுச்சு," என்று அவள் பக்கத்துக் கடைக்காரியிடம் குவாரனியில் சொன்னாள். நிமியா குவாரனியிலேயே அவளுக்குப் பதில் சொல்ல, சந்தே சிரித்தது.

அந்தச் சந்தின் கடைசிக் கடையில்தான் அது இருந்தது. மூலை உடைந்த ஒரு போன். புவெனஸ் அயர்ஸில் வேலை செய்யும் நம் ஆட்கள் விற்றுவிட்டுப்போன பழையது, மூட்டையாக வரும் என்றான் கடைக்காரன். அதில் யாரோ குவாரனி எழுத்துப் பலகை ஒன்றைப் போட்டு வைத்திருந்தார்கள். அங்கே தனியாக அறையில் கிடப்பவர்களுக்குத் தாய்மொழியில் அடிக்க ஆசை இருக்குமே. ரொம்பப் பேர் அதைப் போட்டுக்கொள்வார்கள் என்றான். நிமியா அடித்தார். நான் திரையில் எழுத்துகளின் குறியீட்டு எண்களைப் பார்த்தேன். மறுபடி அடிக்கச் சொன்னேன்.

"என்ன?"

"இது அலையத் தனியா அனுப்புது. எல்லா எழுத்துக்கும். நம்ம பழைய சிஸ்டம் இத எப்பவுமே உள்ள விட்டிருக்காது."

அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பின்னால் ஒரு கோழி கத்திக்கொண்டிருந்தது.

"தெர்லிஸ், ஒருத்தன் இந்த மாதிரி போன் வாங்கி, இதுல அந்த வார்த்தைய அடிச்சிருந்தா..."

"தப்புன்னு சொல்லியிருக்கும்."

"எத்தனை தடவ அடிச்சாலும்?"

"எத்தனை தடவ அடிச்சாலும்."

"அவன் சரியாத்தானே அடிச்சிருப்பான்," என்றார். என்னிடம் சொல்லவில்லை. "அவனுக்கு மறக்காது."

போனை விலை பேசாமல் வாங்கிக்கொண்டார். திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஐந்து வருடத்தில் முதல் தடவையாகக் கோபப்பட யாராவது கிடைத்த மாதிரி இருந்தார். கோபம் யார் மேல் என்று அவருக்கே தெரிந்திருக்காது. எங்கள் கட்டடத்தின் மேல் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு ஒரு எண்ணம் அரித்துக்கொண்டே இருந்தது. கடந்த மூன்று மாதத்தில் எந்தக் கணக்கை யார், எங்கிருந்து திறக்க முயன்றார்கள் என்ற பதிவேடு எங்களிடம் இருந்தது. நிமியாவால் அதைப் பார்க்க முடியாது, என்னால் முடியும். விதிப்படி பார்க்கக் கூடாது. இரண்டு நாள் தயங்கி, தெரெரே முற்றத்தில் சொல்லிவிட்டேன்.

"ஞா நிமியா, உங்க கணக்க வேற யாராவது தட்டுறாங்களான்னு பாத்துச் சொல்லட்டுமா? ஒரு நிமிஷ வேல."

அவர் குவளையை நிரப்பி என்னிடம் நீட்டினார்.

"வேணாம்."

"ஏன்?"

"நீ பாத்து, யாரும் இல்லன்னு வந்து சொன்னா, நாளைக்கு ஏழு அம்பதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

பார்க்கமாட்டேன் என்றேன். இன்றுவரை அந்த வாக்கைக் காப்பாற்றியிருக்கிறேன்.

ஜூலை முப்பத்தொன்று, புதன்கிழமை, காலையில் புதிய முறை ஓடத் தொடங்கியது. நிமியாவின் பட்டியலில் நூற்றுப் பன்னிரண்டு விதமான நுழைவு. எல்லாம் திறந்தன. கடைசியாகத் தன் சொந்தக் கணக்கை இரண்டு முறை திறந்தார். ஒருமுறை தன் பலகையில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. இன்னொரு முறை மூலை உடைந்த போனில், ஒவ்வோர் எழுத்தாக, விரலுக்குக் கீழே பார்த்து. இரண்டாவது முறை திறந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன ஞா நிமியா, சான்றிதழ் வந்துடுச்சுன்னு அழுகையா?" என்றான் ஓஸ்மார்.

"வெங்காயம்டா."

"இங்க ஏது வெங்காயம்?"

"நீதான்."

அன்று வரைவில் என்ன எழுதினார் என்று பிறகு சொன்னார். இரண்டே வரி. 'கதவு கெட்டுப்போயிருந்தது. சரிசெய்துவிட்டோம். இப்போது அடித்துப் பார்.' சொல்லிவிட்டுச் சிரித்தார். உள்ளே வர முடியாதவனுக்கு, உள்ளே ஒரு சீட்டு. ஆனால் வேறு எங்கே எழுதுவது?

தணிக்கைக்காரர்கள் வந்தார்கள், போனார்கள், சான்றிதழ் வந்தது. வில்தோ அதைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டி, எஞ்ஞேவை ஏற்கும் நிறுவனம் என்று எல்லோரிடமும் பெருமை பேசினார். மாதம் நாற்பதாக இருந்த தொலைபேசிப் புகார் மூன்று நான்காகக் குறைந்தது. காலை ஏழு ஐம்பதுக்கு அந்தச் சத்தம் தொடர்ந்தது. நான் தலையைத் திருப்பாமல் கேட்பேன். அடித்து முடித்ததும் ஓர் அமைதி வரும், பெட்டி திறந்து வரும் நேரம். அந்த அமைதி முடிகிற விதத்தில் எனக்குத் தெரிந்துவிடும், இன்றைக்கும் இல்லை என்று.

2021இல் அவர் வேலையை விட்டார். என்கர்னசியோனில் தங்கைக்குத் துணிக்கடை, துணைக்கு ஆள் வேண்டும். அங்கே பரானா ஆற்றங்கரையில் நின்றால் எதிர்க்கரையில் அர்ஜென்டினாவின் கட்டடங்கள் தெரியும். சாயங்காலம் நடக்கப் போவேன் என்று எழுதினார். எனக்கு ஒழுங்காக அஞ்சல் அனுப்புவார், வரைவில் விடமாட்டார். லிதியோவைப் பற்றி நானும் கேட்பதில்லை, அவரும் எழுதுவதில்லை. பெட்டியைத் தினமும் திறப்பதை மட்டும் விடவில்லை. போன மாதம், இந்த ஊரில் இணையம் மோசம், ஒன்பது மணிக்குத்தான் திறக்க முடிகிறது என்று குறைபட்டிருந்தார்.

சென்ற வாரம் கீழ்த்தளத்தில் இருந்த தொலைபேசி உதவிப் பிரிவை மூடினார்கள். அவர்களுடைய பழைய அழைப்புக் குறிப்புகளை அழிப்பதற்கு முன், கடவுச்சொல் பற்றியவற்றை மட்டும் வகைபிரித்து எண்ணிக் கொடுக்கச் சொன்னார் வில்தோ. ஆயிரக்கணக்கில் இருந்தன. 2015ஆம் ஆண்டில், இரண்டு மாடி மேலே நிமியா வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்த மார்ச்சில், ஒன்று. அதே வருடம் அக்டோபரில் இன்னொன்று. அழைத்த எண், புவெனஸ் அயர்ஸில் பொதுத் தொலைபேசிக் கடை ஒன்றுடையது. அந்தக் கடை இப்போது இல்லை.

மார்ச் குறிப்பு: 'பெயர் லிதியோ ஃப்ரெத்தெஸ். புது போன் வாங்கிய நாளிலிருந்து கடவுச்சொல்லை ஏற்கவில்லை என்கிறார். சரியாக அடிப்பதாகச் சொல்கிறார். ரகசியக் கேள்விக்கு விடை சரி. ஆனால் இந்தக் கணக்கை அசுன்சியோனிலிருந்து ஒருவர் தினமும் தவறாமல் திறக்கிறார். எனவே கணக்கைப் பறிக்கும் முயற்சி எனக் கருதி மறுக்கப்பட்டது.'

அக்டோபர் குறிப்பு: 'அதே நபர். கடவுச்சொல்லை மாற்றித் தர வேண்டாம் என்றார். தினமும் திறக்கிறவர் இன்றைக்கும் திறந்தாரா என்று மட்டும் கேட்டார். சொல்ல விதியில்லை என்றேன். தினமும் கூப்பிட்டுக் கேட்கலாமா என்றார். வேண்டாம் என்றேன்.'